மாஸ்டெக்டமி ஆபரேஷன்: முன்னாடி என்னென்ன ரெடி பண்ணணும், அப்புறம் எப்படித் தேறணும்

மாஸ்டெக்டமி, அதாவது மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுக்கிற ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சதும் மனசு முழுக்க அந்த ஒரு நாள்லயே போய் நின்னுடும். ஆனா அன்னிக்கு நீங்க மயக்கத்துலதான் இருப்பீங்க, வேலை எல்லாம் டாக்டருங்களோடது. உங்க கையில இருக்கிறது அதுக்கு முந்தின ஒண்ணு ரெண்டு வாரமும் பின்னாடி வர்ற ஒரு மாசமும்தான், அதை ஒழுங்கா பாத்துக்கிட்டாலே பாதி கஷ்டம் குறைஞ்சிடும். எங்க அக்காவுக்கு ஆபரேஷன் ஆனப்போ கூட இருந்து பாத்துக்கிட்டது நான்தான், அப்ப நர்ஸ்கிட்டயும் ஃபிசியோதெரபிஸ்ட்கிட்டயும் கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதி வச்சதைத்தான் சொல்றேன். உங்க சர்ஜன் இதுல ஏதாவது மாத்திச் சொன்னா அவங்க சொல்றதையே கேளுங்க, ஒவ்வொருத்தர் உடம்பும் ஆபரேஷனும் வேற வேற.

முதல்ல டாக்டர்கிட்ட தயங்காம கேக்க வேண்டியதைக் கேட்டுடுங்க. முழு மார்பையும் எடுத்தே ஆகணுமா, இல்ல கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தா போதுமா? ஆரம்ப கட்டத்துல இருக்கிற நிறைய பேருக்கு ரெண்டு வழியிலயும் உயிர் பிழைக்கிற வாய்ப்பு ஒண்ணுதான்னு 20 வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வுங்க 2002-லயே வெளிவந்துடுச்சு, அதனால இந்தக் கேள்வியைக் கேக்கிறதுல தப்பே இல்ல. சில பேருக்கு முழுசா எடுக்கிறதுதான் சரின்னா ஏன்னு சொல்லச் சொல்லுங்க. அடுத்தது அக்குள்ல எவ்வளவு எடுக்கப் போறாங்கன்னு கேளுங்க, ஏன்னா பின்னாடி கை எப்படி இருக்கும்ங்கிறது பெரும்பாலும் அதை வச்சுதான். அங்க இருக்கிற சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுல (லிம்ஃப் நோட்) ரெண்டு மூணை மட்டும் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்களா, இல்ல கொத்தா எடுப்பாங்களா? முதல் வகைன்னா நீல சாயம் போட்டு எந்த முடிச்சுன்னு கண்டுபிடிக்கிறதும் உண்டு, அப்படிப் போட்டா மறுநாள் யூரின் பச்சையாவோ நீலமாவோ போகும், பயப்படாதீங்க. மார்பைத் திரும்ப உருவாக்குறதா வேண்டாமா, அப்படி பண்ணா இப்பவா பின்னாடியாங்கிறதும் இப்பவே பேச வேண்டியதுதான். வேண்டாம்னு தட்டையா விடச் சொல்றதும் ஒரு முடிவுதான், அதுக்காக யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்ல.

சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, சுகர் மாத்திரை மட்டுமில்ல, மூலிகைப் பொடி, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாமே. எதை எப்ப நிறுத்தணும்னு அவங்க சொல்லட்டும், நீங்களா நிறுத்தாதீங்க. சிகரெட் பழக்கம் இருந்தா குறைஞ்சது 4 வாரத்துக்கு முன்னாடியே விட்டுடணும், புகை தோலுக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைச்சு காயத்தை ஆறவிடாது. ஆபரேஷனுக்கு முன்னாடி அக்குள்ல ரேசர் போடாதீங்க, சின்னக் கீறல்கூட இன்ஃபெக்ஷனுக்கு வழி விட்டுடும்.

வீட்டை எப்படி ரெடி பண்றதுன்னு தெரியணும்னா ஆபரேஷன் ஆகப் போற பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல தூக்காம ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்க. எது எது எட்டலைன்னு அன்னிக்கே தெரிஞ்சிடும், அதையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வச்சிடுங்க, இறுக்கமா இருக்கிற டப்பா மூடியெல்லாம் லேசா திறந்து வைங்க, ஃபோன் சார்ஜரைக் கட்டில் பக்கத்துல மாட்டுங்க. தலை வழியா போடுற டிரெஸ் கொஞ்ச நாளைக்கு ஆகாது, முன்பக்கம் முழுசா பட்டன் வச்ச லூசான சட்டையோ நைட்டியோ நாலஞ்சு எடுத்து வைங்க. சின்னத் தலையணை ரெண்டு வேணும், ஒண்ணு படுக்கும்போது கைக்கு அடியில வைக்க, இன்னொண்ணு கார்ல வரும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வைக்க. இன்னொரு முக்கியமான வேலை, ஆபரேஷனுக்கு முன்னாடியே ரெண்டு கையோட சுத்தளவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க, அக்குள் முடிச்சை எடுக்கிறதால பின்னாடி கை வீங்கலாம், அப்படிச் சந்தேகம் வந்தா ஒப்பிட்டுப் பாக்க அது ஒண்ணுதான் இருக்கும்.

இப்ப டிரெயின் விஷயம், இதை யாரும் முன்கூட்டியே சரியா சொல்றதில்ல. காயத்துக்குள்ள சேர்ற நீரை வெளிய எடுக்க ஒண்ணோ ரெண்டோ மெல்லிய டியூப் வச்சு முனையில கைக்குள்ள அடங்குற அளவுக்கு ஒரு பல்பு மாட்டி அனுப்புவாங்க, அதோடதான் வீட்டுக்கு வருவீங்க. பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் இருக்கும். காலையிலயும் ராத்திரியும் கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, டியூப் தோல்ல நுழையிற இடத்தை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, நர்ஸ் சொல்லிக் குடுத்த மாதிரி இன்னொரு கை விரலால டியூபை மேலேர்ந்து கீழ வரைக்கும் வழிச்சு விடணும், உள்ள சிக்கின சின்னச் சின்ன ரத்தக் கட்டி அப்பதான் இறங்கும். அப்புறம் மூடியைத் திறந்து அளவு கப்புல ஊத்தி எத்தனை மில்லின்னு பாத்து, தேதி, நேரம், நிறம் எல்லாம் எழுதிட்டு, பல்பை நல்லா அமுக்கிப் பிடிச்சபடியே மூடணும். அமுக்காம மூடினா உறிஞ்சாது, உள்ள நீர் தேங்கிடும். முதல் ரெண்டு நாள் சிவப்பா இருக்கும், அப்புறம் ரோஸ் கலராகி கடைசியில வெளிர் மஞ்சளா மாறும். 24 மணி நேரத்துல சுமார் 30 மில்லிக்குக் கீழ வந்து ரெண்டு நாள் அப்படியே இருந்தா பொதுவா எடுத்துடுவாங்க, சில டாக்டர் 20-ன்னு சொல்வாங்க. நீங்க எழுதி வச்ச அந்தக் கணக்கைப் பாத்துதான் முடிவு பண்றாங்க, அதனால ஒரு வேளைகூட விடாம எழுதுங்க. பல்பைத் தொங்கவிடாதீங்க, சட்டையோட உள்பக்கம் ஊக்கு குத்தி மாட்டிக்கோங்க, குளிக்கும்போது கழுத்துல ஒரு நாடா கட்டி அதுல மாட்டலாம். எடுத்ததுக்கு அப்புறமும் தோலுக்கு அடியில நீர் கட்டித் தளதளன்னு இருந்தா போய்க் காட்டுங்க, தேவைப்பட்டா ஊசி வச்சு எடுத்துடுவாங்க.

வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கிறது தைரியம் இல்ல. நேரத்துக்கு மாத்திரை போட்டாதான் ஆழமா மூச்சு விட முடியும், எழுந்து நடக்க முடியும், கையை அசைக்க முடியும். கொஞ்சம் வீரியமான வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டு வரும், அதுக்கும் முன்னாடியே மருந்து கேட்டு வாங்கிக்கோங்க. நெஞ்சைச் சுத்தி இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும், மேல் கையோட உள்பக்கமும் அக்குளும் மரத்துப் போகும், எடுத்த மார்பு இன்னும் இருக்கிற மாதிரி அரிப்போ வலியோகூட வரும். இது பெரும்பாலும் நரம்பு அறுபட்டதால வர்றது, உங்க கற்பனை இல்ல. மரத்த இடத்துல சூடு தெரியாது, அதனால சுடுதண்ணி ஒத்தடம் குடுக்காதீங்க.

கையைப் பத்தித்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன். பயந்து போய் கையை உடம்போட ஒட்டியே வச்சிருந்தா தோள் இறுகிடும், அப்புறம் அதைத் திருப்பிக் கொண்டுவர்றது பெரிய பாடு, ரேடியேஷன் குடுக்கணும்னா கையைத் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு அசையாம படுக்கணும், அது முடியலைன்னா சிகிச்சையே தள்ளிப் போகும். டாக்டர் சரின்னா மறுநாள்லேர்ந்தே விரலை மூடித் திறக்கிறது, முழங்கையை மடக்கி நீட்டுறது, தோளைச் சுழட்டுறது எல்லாம் பண்ணலாம், தலை சீவுறது பல் விளக்குறது அந்தக் கையாலயே பண்ணுங்க. டிரெயின் இருக்கிற வரைக்கும் பொதுவா தோள் உயரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்வாங்க. எடுத்ததும் சுவத்தைப் பாத்து நின்னு விரலால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க, எட்டின இடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு வைங்க, மறுநாள் அதைத் தாண்ட முயற்சி பண்ணுங்க. இழுக்குற மாதிரி இருக்கலாம், சுரீர்னு வலிச்சா நிறுத்திடுங்க. சில பேருக்கு அக்குள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கயிறு மாதிரி விறைப்பா ஒண்ணு தோலுக்கு அடியில தெரியும், அது வந்தா ஃபிசியோதெரபிஸ்ட்கிட்ட போங்க, சரியாகிடும். கனமான பை, குழந்தை, தண்ணிக் குடம் எதையும் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் தூக்க வேண்டாம், பெரும்பாலும் 4 லேர்ந்து 6 வாரம் ஆகும்.

காயத்தை முதல் தடவை பாக்குறதுக்கு அவசரமே இல்ல. நர்ஸ் கட்டு மாத்தும்போது அவங்களோட சேர்ந்து பாக்கலாம், இல்ல வீட்ல நம்பிக்கையான ஒருத்தர் கூட இருக்கும்போது பாக்கலாம். பாத்துட்டு அழுகை வந்தா அழுங்க. கூட இருக்கிறவங்க தயவு செஞ்சு "உயிர் பிழைச்சதே பெரிசு"ன்னு சொல்லி வாயடைக்காதீங்க, அவங்களுக்கு அது தெரியாமலா இருக்கு? பக்கத்துல உக்காருங்க, போதும். ரொம்ப வாரமா தூக்கமில்ல, எதுலயும் ஒட்டலைன்னா டாக்டர்கிட்ட அதையும் சொல்லணும்.

ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்கிடுங்க. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல, காயத்தைச் சுத்தி சிவப்பு பரவுறது, சீழ், நாத்தம், பல்பு திடீர்னு சுத்த ரத்தமா நிறையிறது, நெஞ்சு ஒரு பக்கம் சட்டுன்னு உப்புறது, இதுல எது வந்தாலும் உடனே கூப்பிடுங்க. கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ நேரா எமர்ஜென்சிக்கே போயிடுங்க, ரத்தம் கட்டியிருக்கலாம்.

எடுத்ததை டெஸ்ட் பண்ண ரிப்போர்ட் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அடுத்து கீமோவா ரேடியேஷனா மாத்திரையாங்கிறது அதுலதான் இருக்கு, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் அவங்களை எழுதிக்கச் சொல்லுங்க. பிராவுக்குள்ள வச்சுக்கிற செயற்கை மார்புல பஞ்சு மாதிரி லேசா இருக்கிறதை முதல்ல வைங்க, சிலிக்கான்ல செஞ்ச கனமானது காயம் முழுசா ஆறினப்புறம், கிட்டத்தட்ட 6 லேர்ந்து 8 வாரம் கழிச்சு.

கை வீக்கம் மாசக் கணக்குல கழிச்சும் வரலாம், வருஷக் கணக்குலயும் வரலாம். மோதிரம் இறுகுது, சட்டைக் கை டைட்டா இருக்கு, கை பாரமா இருக்குன்னா காத்திருக்காம போய்க் காட்டுங்க, ஆரம்பத்துல பிடிச்சா அடக்கி வைக்கிறது சுலபம். அந்தக் கையில வெட்டுக்காயம், பூச்சிக்கடி பட்டா உடனே கழுவி மருந்து போடுங்க, சிவந்து சூடா ஆச்சுன்னா அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. இன்னொரு மார்புக்கு எடுக்கிற மேமோகிராம் எக்ஸ்ரேயை விட்டுடாதீங்க, ஆபரேஷன் ஆன பக்கமும் குளிக்கும்போது தழும்பைச் சுத்தியும் அக்குள்லயும் தடவிப் பாருங்க, புதுசா ஏதாவது கட்டி தட்டுப்பட்டா அடுத்த செக்கப் வரைக்கும் தள்ளிப் போடாம சொல்லிடுங்க.