லிஸ்டட் வீட்டில் கை வைக்கும் முன்

இங்கிலாந்தில் பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்கிறேன். அவற்றில் பல 'லிஸ்டட்', அதாவது வரலாற்று மதிப்புக்காக அரசுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கப்படும் வீடுகள்; அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது. தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள், ஒரு காலத்தில் நான் செய்த அதே தப்பைச் செய்கிறார்கள். முகப்பை இடிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம்"

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. பட்டியலில் அந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்பை எடுத்துப் பார்ப்பார்கள். முகப்பு, வாசல் கதவு, ஜன்னல் என்று நாலு வரி இருக்கும். மாடிப்படி பற்றிப் பேச்சே இருக்காது. உடனே உள்பக்கத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பழைய குறிப்புகளில் பல, தெருவில் நின்று பார்த்து எழுதியவை. கட்டடத்தை அடையாளம் காட்டத்தான் அவை. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளும் புறமும், கட்டடத்தோடு பொருத்தியவையும் பாதுகாப்பில் அடங்கும். பட்டியலின் கடைசி நிலையான கிரேடு 2 வீட்டுக்கும் இதேதான். 2013க்குப் பிந்திய சில குறிப்புகளில் மட்டும் 'இன்ன பகுதி சேராது' என்று தெளிவாகப் போட்டிருக்கும்.

நானும் அப்படி நம்பித்தான் ஒரு கிரேடு 2 வீட்டின் மாடி அறையில் உள்கூரையை இறக்கினேன். விரிசல் விட்டிருந்தது. ஜிப்சம் பலகை அடித்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். உள்ளே சாந்தைத் தாங்கும், கையால் பிளந்த மரப்பட்டிகள், ஒன்றின் அகலம் இன்னொன்றுக்கு இல்லை. சாந்துக் கட்டியை உடைத்தால் மாட்டுமயிர் நீட்டிக்கொண்டு நின்றது. அரை நாளில் எல்லாம் குப்பைக்குப் போயிற்று. அடுத்த வாரம் கவுன்சிலின் (உள்ளாட்சியின்) கன்சர்வேஷன் அதிகாரி, அதாவது பழைய கட்டடங்களின் பாதுகாப்பைப் பார்ப்பவர், வந்து நின்றார். வழக்கு போடவில்லை, பழையபடி செய்யச் சொன்னார்கள். புதுப் பட்டிகள், மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து, மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருப்பு. விரிசலை அதே சாந்தால் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அனுமதியே கேட்க வேண்டியிருக்காது.

'தெரியாமல் செய்தேன்' என்றால் சட்டம் விடாது. வேலை செய்தவர், செய்யச் சொன்னவர் இருவர்மீதும் வழக்கு வரலாம். 2 ஆண்டு வரை சிறை. அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை.

முன்பு இருந்தவர் செய்தது

வீட்டை வாங்கினால், முன்பு இருந்தவர் அனுமதி இல்லாமல் செய்த மாற்றத்தின் சுமையும் சேர்ந்தே வருகிறது. சரிசெய்யச் சொல்லும் நோட்டீசுக்குக் காலக்கெடு கிடையாது. வாங்குமுன் கவுன்சில் கோப்பைப் பாருங்கள்.

"பிளானிங் பர்மிஷன் இருக்கிறதே?"

அது வேறு, லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் (பட்டியலில் உள்ள கட்டடத்தை மாற்றத் தனியாக வாங்கும் அனுமதி) வேறு. இரண்டாவதற்கு விண்ணப்பக் கட்டணம்கூட இல்லை.

தோட்டத்துக் கொட்டகை

1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே வீட்டு வளாகத்துக்குள் நிற்கிறதா? அதற்கும் இதே பாதுகாப்பு, அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

சிமெண்ட்

சுண்ணாம்புச் சுவரில் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் முகம் உதிரும்.