வீட்டுக்கு நர்ஸ் வர்றதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணி வைக்கணும்

படுத்த படுக்கையா இருக்கற அம்மாவைப் பாக்க நர்ஸ், பிசியோ, அட்டெண்டர்னு ஆள் வர ஆரம்பிச்சா அம்மா ரூம் அம்மாவோடதாவே இருக்காது. 2021ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வர்றவங்களா இருந்தாலும் சரி, ஏஜென்சி ஆளா இருந்தாலும் சரி, முதல் நாளுக்கு முன்னாடியே இதெல்லாம் முடிச்சிடுங்க.

ஸ்டெப் 1: எதை எடுத்து வைக்கலாம்னு அம்மாகிட்டயே கேளுங்க. நான் கேக்காம அவங்க தலகாணிக்கு அடியில இருந்த சுருக்குப்பையை எடுத்து பீரோவுல வச்சிட்டேன், உள்ள இருந்தது 150 ரூபாயும் அப்பா போட்டோவும்தான், ரெண்டு நாள் என்கூட பேசவே இல்ல. அது அவங்க கைக்கு எட்டற இடத்துலயே இருக்கட்டும்.

ஸ்டெப் 2: நகை, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டுங்க, வளையல் கழட்டினா போட்டோ எடுத்து தேதி எழுதி வைங்க, ஏன்னா ஒரு பொருள் காணோம்னா முதல் பழி வேலைக்கு வந்தவங்க மேலதான் விழும், கடைசில பாத்தா நாமளே எங்கயாவது மாத்தி வச்சிருப்போம். அவங்க நல்ல பேருக்காகவும்தான் பூட்டச் சொல்றேன். மாத்திரை, டிஸ்சார்ஜ் சம்மரி, சுகர் நோட்டு, கையுறை, மாத்துத்துணி எல்லாம் ஒரே கூடையில வெளிய வச்சிட்டா அலமாரியைத் திறக்கற வேலையே வராது.

ஸ்டெப் 3: அடையாளத்துக்கு ஆதார் கேட்டா, ஆதார் குடுக்கற யுஐடிஏஐயோட சைட்ல மாஸ்க்டு ஆதார் எடுத்துக் குடுங்க, அதுல கடைசி 4 எண் மட்டும்தான் தெரியும். பேங்க் ஓடிபி வர்ற போன் உங்ககிட்ட இருக்கட்டும்.

ஸ்டெப் 4, இதுதான் நிறைய வீட்டுல கோட்டை விடறாங்க. டயபர் மாத்தறப்போ, படுக்கைப்புண்ணுக்கு மருந்து போடறப்போ கதவை சாத்துங்க, பாக்க வந்த சொந்தக்காரங்களை ஹால்ல உக்கார வைங்க, புண்ணு இருக்கற இடத்தை மட்டும் விலக்கி மீதியை போர்வையால மூடச் சொல்லுங்க. டாக்டருக்கு போட்டோ வேணும்னா அம்மாகிட்ட கேட்டுட்டு முகம் தெரியாம எடுங்க, ஃபேமிலி குரூப்ல தயவுசெஞ்சு போடாதீங்க. கேமரா வச்சா ஹாலோட நிறுத்திக்கங்க, வர்ற அக்காகிட்டயும் கேமரா இருக்குன்னு சொல்லிடுங்க.

அப்புறம் நர்ஸ் வந்ததும் ஒரு 5 நிமிஷம் நீங்களும் ரூமை விட்டு வெளிய வந்துடுங்க, எங்க வலிக்குது, ராத்திரி யார் கத்தறாங்கன்னு நாம நிக்கறப்போ அம்மா சொல்ல மாட்டாங்க.