ரீப்பரில் முதல் ஒரு நிமிடப் பாட்டு: சுருதி வைப்பதிலிருந்து வேவ் ஃபைல் வரை

லேப்டாப்பிலேயே பாட்டுப் போடலாம் என்று கேள்விப்பட்டு மென்பொருளை இறக்கி, திறந்ததும் வரும் காலியான சாம்பல் நிறத் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்தவர்களுக்கான பதிவு இது. இலக்கு சின்னது: ஒரு சுருதி, ஒரு தாளம், அதன்மேல் உங்கள் குரல். மொத்தம் ஒரு நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டோடு ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது சரணத்தோடு விட்டுவிடுவார்கள். ஒரு நிமிடத்தை முழுசாக முடித்து ஃபைலாக எடுத்தவருக்கு வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது பிடிபட்டுவிடும்.

எந்த மென்பொருள்?

இந்த வகை மென்பொருளுக்கு டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன் என்று பெயர், சுருக்கமாக டா. லாஜிக் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். எஃப்எல் ஸ்டுடியோவின் இலவச டிரையலில் சேமித்த வேலையை மறுபடி திறக்க முடியாது. மேக்கோ ஐஃபோனோ வைத்திருப்பவர்கள் கராஜ்பேண்டிலேயே ஆரம்பிக்கலாம், நல்ல கருவிதான். மற்றவர்களுக்கு நான் சொல்வது ரீப்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய லேப்டாப்பும் தாங்கும். வினாம்ப் என்ற மியூசிக் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் கொகோஸ் நிறுவனம் வெளியிடுவது. 60 நாள் எல்லா வசதியோடும் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு சொந்த உபயோகத்துக்கான லைசன்ஸ் 60 டாலர். 60 நாள் கழிந்தும் அது பூட்டிக்கொள்ளாது, ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். அதற்காகக் காசு கொடுக்காமலே காலம் தள்ளாதீர்கள்.

1. ஆடியோ டிவைஸ்

திறந்ததும் கண்ட்ரோல் + பி (P). வரும் ஜன்னலில் ஆடியோ, அதன் கீழ் டிவைஸ். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருந்தால் அதோடு வரும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள், தாமதம் குறைவாக ஒலியைக் கொண்டுபோகும் இணைப்பு மென்பொருள் அது. யூஎஸ்பி மைக் மட்டும் என்றால் விண்டோஸில் வாஸாபி, அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல்.

அங்கேயே பஃபர் அல்லது பிளாக் சைஸ் என்று ஓர் எண் இருக்கும். நீங்கள் பாடுவது கணினிக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பிவர ஆகும் தாமதத்தைத் தீர்மானிப்பது இதுதான். 48,000 சாம்பிள் ரேட்டில் (ஒரு நொடியில் ஒலியை அளக்கும் தடவைகள்) 256 வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிசெகண்ட், 1024 வைத்தால் 21. போய்வர இது இரட்டிப்பாகும். பதிவு செய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது (பதிவான ஒலிகளைச் சமன்படுத்திக் கலக்கும்போது) 1024. பாடும்போது சத்தம் பொரிந்தால் ஒரு படி ஏற்றிப் பாருங்கள்.

ப்ளூடூத் ஹெட்செட் இந்த வேலைக்கு ஆகாது. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் ப்ளூடூத்தின் தாமதம் அப்படியே இருக்கும். காதை நன்றாக மூடும் வயர் ஹெட்போன் போதும்.

2. பாடுவதற்கு முன்னால் சேமியுங்கள்

கண்ட்ரோல் + எஸ். பெயர் கேட்கும் அதே ஜன்னலில் ‘கிரியேட் சப்டைரக்டரி ஃபார் புராஜெக்ட்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அப்போதுதான் பதிவாகும் ஒவ்வொரு ஃபைலும் அந்த ஒரே ஃபோல்டருக்குள் போகும். இல்லாவிட்டால் பாட்டு ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் கிடக்கும். பிறகு ஃபோல்டரைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் டிராக் (ஒவ்வொரு ஒலிக்கும் உள்ள தனி வரிசை) எல்லாம் காலியாக நிற்கும்.

3. சுருதியும் தாளமும்

அவசரப்படக் கூடாத இடம் இது. பதிவு செய்தபின் டெம்போவையோ (பாட்டின் வேகம்) சுருதியையோ மாற்றுவது முடியும், ஆனால் குரலின் இயல்பு கெடும்.

முதலில் கட்டை, அதாவது எந்த உயரத்தில் சுருதி வைத்துப் பாடுகிறீர்கள் என்பது. மென்பொருளுக்குக் கட்டைக் கணக்கு தெரியாது, அதற்கு சி, டி, ஈ தான். 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக்கட்டைகள் இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள்: ஒன்றரை என்றால் சி ஷார்ப், ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். மூன்றரை கிடையாது. பாட்டின் மேல் ஸ்தாயி வரியைப் பாடிப் பார்த்து, தொண்டை இறுகாத கட்டையை வையுங்கள். பல்லவி சுகமாக இருக்கிறதே என்று ஏற்றிவைத்தால் சரணத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து டெம்போ. கீழே பிளே பட்டன் இருக்கும் வரிசையில் பிபிஎம் (ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு) என்ற எழுத்து தெரியும், எண் 120 என்று நிற்கும். மனதுக்குள் பாடிக்கொண்டே அந்த எழுத்தின்மேல் தாளத்துக்குக் கிளிக் செய்துகொண்டே போனால் உங்கள் காலப்பிரமாணத்தை அதுவே கணித்துவிடும். 91.7 மாதிரி வந்தால் 92 என்று முழு எண்ணாக்குங்கள்.

பக்கத்தில் 4/4 என்று இருப்பது தாளம். ஆதி தாளத்துக்கு 4/4 அப்படியே பொருந்தும், நான்கு தட்டு கொண்ட இரண்டு பார் சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று). ரூபகத்துக்கு 3/4. கண்ட சாபுக்கு 5/8, மிஸ்ர சாபுக்கு 7/8. திஸ்ர ஓட்டத்தில் வரும் கும்மிப் பாட்டு மாதிரிக்கு 6/8. தாளம் தவறாக இருந்தாலும் மென்பொருள் ஒன்றும் சொல்லாது, ஆனால் திரையில் பார்க்கும் கோடுகளும் நீங்கள் போடும் தாளமும் ஒத்துப்போகாது. வெட்டி ஒட்டும் நேரத்தில் அது பெரிய தலைவலி.

எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், இல்லாமல் அரை இடம் தள்ளி வரும் பாட்டென்றால் குரலின் தொடக்கம் கோட்டில் விழாது. விழக் கூடாது. அதைக் கோட்டுக்கு இழுத்து ‘சரி’ செய்துவிடாதீர்கள். விருத்தம் பாடப் போகிறீர்களா? தாளத்துக்கு ‘டிக் டிக்’ என்று தட்டும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, சுருதியை மட்டும் வைத்துக்கொண்டு பாடுங்கள்.

4. சுருதி டிராக், தாள டிராக்

இன்செர்ட் மெனுவில் ‘வர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் ஆன் நியூ டிராக்’ என்பதைத் திறந்து ரியாசின்த் என்பதை எடுங்கள். ரீப்பரோடு வரும் மென்பொருள் வாத்தியம் அது. டைம்லைனில் ஒரு நிமிட நீளத்தைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, அதே மெனுவில் புதிய மிடி ஐட்டம் (ஒலி அல்ல, வாசிக்க வேண்டிய ஸ்வரங்களின் குறிப்பு) போடுங்கள். இரட்டைக் கிளிக்கில் பியானோ ரோல் (ஸ்வரங்களை வரையும் கட்டம்) திறக்கும். 1 கட்டைக்கு சி3, ஜி3, சி4 மூன்றையும் முழு நீளத்துக்கு இழுத்துவிட்டால் ச–ப–ச தயார். தம்பூரா மாதிரி இருக்காது, ஆனால் சுருதி பிசகாது. பஞ்சமம் வராத ராகமென்றால் ஜி3-க்குப் பதில் எஃப்3 போட்டு மத்யமத்தை வையுங்கள்.

தாளத்துக்கு எம்டி பவர் டிரம் கிட் போன்ற இலவச பிளக்இன் (ரீப்பருக்குள் சேர்த்து ஓடும் துணை மென்பொருள்) போதும். பெரும்பாலான டிரம் கருவிகளில் சி2 கிக், டி2 ஸ்னேர், எஃப் ஷார்ப் 2 மூடிய ஹைஹாட். இரண்டு பார் மட்டும் எழுதிக்கொண்டு மீதியை நகலெடுத்து நிரப்புங்கள். கீபோர்டில் கையால் வாசித்திருந்தால் பியானோ ரோலுக்குள் கியூ (Q) அழுத்தித் தாளத்துக்கு நேர்படுத்தலாம். நூறு சதவீதம் வேண்டாம், 70 அளவில் விடுங்கள், கை தெரியட்டும். பாட்டை மூன்றாவது பாரில் தொடங்குங்கள். முன்னால் இரண்டு பார் காலியாக இருந்தால் மூச்செடுக்க இடம் கிடைக்கும்.

5. குரல்

பதிவின் தரத்தை மைக்கின் விலையைவிட அறைதான் அதிகம் தீர்மானிக்கிறது. டைல்ஸ் போட்ட காலி ஹாலில் விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கும் கிணற்றுக்குள் பாடியது போலத்தான் கேட்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று, மைக்கை முன்னால் வையுங்கள். மைக் காது கொடுக்கும் திசையில் துணி இருப்பதுதான் இதில் விஷயம். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றும் அணையட்டும். சார்ஜர் செருகியிருந்தால் ‘ம்ம்’ என்று இரைச்சல் வருகிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

கண்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டன் எரிய வேண்டும். வாயிலிருந்து மைக் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். ‘ப’ வரும்போது காற்று நேரே போய் அடிக்காது.

கண்ட்ரோல் + டி (T) அழுத்திப் புது டிராக். அந்த டிராக்கிலுள்ள சிவப்பு வட்டத்தை அழுத்தி, இன்புட் மோனோ 1 என்று வையுங்கள். இப்போது பாட்டின் உச்சக் குரல் வரியைப் பாடுங்கள். மீட்டர் −12 அருகே நின்றால் சரி. 0-வைத் தொட்டுச் சிவந்தால் இன்டர்ஃபேஸில் இருக்கும் கெயின் (மைக் ஒலி உள்ளே வரும் அளவு) திருகைத்தான் குறைக்க வேண்டும். திரையில் உள்ள ஃபேடரை (டிராக்கின் ஒலி அளவை ஏற்றி இறக்கும் பட்டன்) குறைப்பதால் பயனில்லை, உடைந்த ஒலி அதற்கு முன்பே பதிவாகிவிடுகிறது. 24 பிட்டில் பதிவு செய்தால் ஒலி சற்றுத் தாழ்வாக இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

உங்கள் குரல் ஹெட்போனில் இரண்டாகக் கேட்டால், இன்டர்ஃபேஸ் நேரடியாகத் தருவதும் ரீப்பர் திருப்பித் தருவதும் சேர்ந்து வருகின்றன. டிராக்கில் ஸ்பீக்கர் படம் போட்ட மானிட்டர் பட்டனை அணையுங்கள்.

மெட்ரோனோமில் வலது கிளிக் செய்து, பதிவுக்கு முன் கவுண்ட்-இன் (தொடங்குமுன் எண்ணிக் காட்டும் தட்டுகள்) வரும்படி வைத்து, கண்ட்ரோல் + ஆர். முடித்ததும் ஸ்பேஸ் பார். பாட்டை முழுவதுமாக மூன்று நான்கு முறை அதே டிராக்கில் பாடுங்கள். பழையது அழியாது, டேக்குகளாக (ஒவ்வொரு முறை பாடியதும் ஒரு டேக்) ஒரே இடத்தில் சேரும். வரிவரியாக நிறுத்தி நிறுத்திப் பாடினால் ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருக்கும், பாட்டுதான் இருக்காது.

6. வெட்டுவது

வரி முடியும் இடத்தில் கர்சரை வைத்து எஸ் அழுத்தினால் துண்டாகும். துண்டைத் தேர்ந்தெடுத்து டி (T) அழுத்த அழுத்த அடுத்தடுத்த டேக்குக்கு மாறும். நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதற்குத் தமிழே வழி காட்டும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி ‘பக்கம்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘க்க’ வரும் இடத்தில் கோடு சட்டென்று தட்டையாகி, பிறகு குத்தி எழும். க்க, ட்ட, ப்ப, த்த ஆகிய வல்லின இரட்டிப்புகளில் எல்லாம் இப்படி ஒரு குட்டி மௌனம் உண்டு. அதற்குள் வெட்டினால் ஒட்டு யாருக்கும் கேட்காது. ‘மனம்’, ‘வானில்’ மாதிரிச் சொற்களில் ஒலி அறுபடாமல் ஓடுகிறது, நடுவில் கை வைக்காதீர்கள். வைத்தே தீரவேண்டும் என்றால் ஒரு துண்டின் ஓரத்தை அடுத்ததன்மேல் சற்று ஏறும்படி இழுங்கள், ஒன்று தேய்ந்து மற்றது எழும் கிராஸ்ஃபேட் தானே விழும். மூச்சுச் சத்தத்தை முழுக்க வெட்டி எறிய வேண்டாம், கொஞ்சம் தணித்தால் போதும்.

சுருதி திருத்தும் கருவிகளைப் பற்றி: ரியாடியூன் உள்ளேயே இருக்கிறது. தானியங்கி முறையில் போட்டால் கமகத்தின் அசைவை ‘சுருதி விலகல்’ என்று எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்வரத்தில் நிறுத்தப் பார்க்கும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுத்துப் பாருங்கள், புரியும். விலகிய வரியை மறுபடி பாடுவதே சுலபம்.

7. மிக்ஸ்

பிளக்இன் எதையும் தொடாமல், ஃபேடர்களை மட்டும் வைத்து ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி செய்யுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும். பிறகு குரல் டிராக்கின் எஃப்எக்ஸ் பட்டனில் ரியாஈக்யூ, தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி. முதல் பேண்டை ஹை பாஸ் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ளதை வெட்டுவது) ஆக்கி 90 ஹெர்ட்ஸில் வைத்தால் அறையின் அடி இரைச்சல் போகும். குரல் கம்மியது போலிருந்தால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். அதன்பின் உரத்த இடங்களைத் தணிக்கும் ரியாகாம்ப்: ரேஷியோ 3, அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100. உரத்த இடங்களில் 4 டெசிபெல் அளவுக்குக் குறையும்படி த்ரெஷோல்டை (தணிப்பு தொடங்கும் அளவு) இறக்குங்கள்.

ரிவெர்பை (எதிரொலி) குரல் டிராக்கிலேயே போடாமல், தனி டிராக்கில் ரியாவெர்பேட் போட்டு, அதன் டிரை அளவை (எதிரொலி சேராத மூல ஒலி) முழுக்க இறக்கி, குரல் டிராக்கின் ரூட் பட்டனை அந்த டிராக்கின்மேல் இழுத்து விடுங்கள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அனுப்பலாம். ‘நன்றாக இருக்கிறது’ என்று தோன்றும் அளவிலிருந்து கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.

8. வெளியே எடுப்பது

கண்ட்ரோல் + ஆல்ட் + ஆர். சோர்ஸ் மாஸ்டர் மிக்ஸ், ஃபார்மட் வேவ், 24 பிட். வீடியோவுக்குப் போகிறதென்றால் 48,000. வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 320. ரெண்டர் (ஃபைலாக மாற்றுவது) முடிந்ததும் உச்ச அளவையும் லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பு) அளவையும் காட்டும். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் −14 லஃப்ஸை ஒட்டித்தான் ஒலியைச் சமப்படுத்துகின்றன, அதனால் காதைக் கிழிக்கும் அளவுக்கு ஏற்றுவதில் லாபமில்லை. உச்சம் −1 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். ஃபைலை ஒருமுறை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். அதில் கிக் காணாமல் போவது சகஜம், சொற்கள் காணாமல் போனால் மிக்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

வேறு யாருக்காவது மிக்ஸ் செய்ய அனுப்புவதென்றால் சோர்ஸில் ஸ்டெம்ஸ் (டிராக்குக்கு ஒரு தனி ஃபைல்) என்று மாற்றி, எல்லா டிராக்கும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வரும்படி எடுங்கள். ஃபோல்டரின் பெயரிலேயே டெம்போவையும் கட்டையையும் தாளத்தையும் எழுதிவிடுங்கள்: ‘பல்லவி, 92, ஒரு கட்டை, ஆதி’. வாங்குபவர் உங்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் அவைதான்.