கூகுளுக்காகவே எழுதியும் கூகுளில் காணோம்: தமிழ் இணையதளங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரச்செக்கு எண்ணெய் விற்கும் கடைகளின் இணையதளங்கள் நாலைந்தைத் திறந்து பாருங்கள். முதல் பத்தி அநேகமாக இந்த ரீதியில்தான் போகும்: "மதுரையில் சிறந்த மரச்செக்கு எண்ணெய் வாங்க வேண்டுமா? சிறந்த மரச்செக்கு எண்ணெய் மதுரை என்றாலே எங்கள் மரச்செக்கு எண்ணெய் கடைதான். குறைந்த மரச்செக்கு எண்ணெய் விலை மதுரை…" எந்தக் கடைக்காரரும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேச மாட்டார். ஆனால் இணையதளம் என்றதும், படிக்கப்போவது மனிதர் இல்லை, கூகுள்தான் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நினைப்பிலிருந்தே பிறக்கின்றன.

கீவேர்டை, அதாவது தேடுபவர்கள் தட்டும் சொல்லை, பக்கமெங்கும் திணிப்பதற்கு ஒரு காலம் இருந்தது, மறுப்பதற்கில்லை. 1990களில் ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதைத் தேடுபொறிகள் பெரிதாக எடுத்துக்கொண்டன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டி வைத்தவர்களெல்லாம் உண்டு. 2003 நவம்பரில் 'ஃபுளோரிடா' என்று பெயர் பெற்ற மாற்றத்தோடு கூகுள் இந்த ஆட்டத்தைக் கலைக்க ஆரம்பித்தது. பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதப்படும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009-ல் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. இருந்தும் அந்தப் பட்டியலை நிரப்பித் தருவதற்கு இன்றும் காசு வாங்கும் ஏஜென்சிகள் நம் ஊரில் இருக்கின்றன. கேட்டால் "எதற்கும் இருக்கட்டுமே சார்" என்பார்கள்.

ஆங்கிலத்தில் திணித்தால் வாக்கியம் சலிப்பூட்டும். தமிழில் திணித்தால் வாக்கியமே உடைந்துபோகும். தேடுபவர் 'திருச்சி பல் மருத்துவர்' என்று தட்டுவார். அதை அப்படியே தூக்கி "நீங்கள் திருச்சி பல் மருத்துவர் தேடுகிறீர்கள் என்றால்" என்று எழுதினால் அது யாருடைய தமிழ்? 'திருச்சியில் பல் மருத்துவரைத் தேடுகிறீர்களா' என்று உருபோடு எழுதினால் கூகுளுக்குப் புரியாது என்ற பயம் பழைய பயம். வாக்கியத்தின் பொருளைச் சூழலோடு பார்க்கும் 'பெர்ட்' என்ற முறையை 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலில் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அது தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வந்துவிட்டது. தைரியமாக வேற்றுமை உருபு போடலாம்.

கேட்டதற்குப் பதில் எங்கே?

சரி, கீவேர்டை நிறுத்திவிட்டு வேறு என்ன எழுதுவது? கடைக்கு வருபவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை எழுதலாம். செக்கு எண்ணெய் வாங்குபவர் கேட்பதெல்லாம் இவைதான்: பாட்டிலின் அடியில் கசடு நிற்கிறதே, கெட்டுப்போய்விட்டதா? பொரிக்கும்போது ஏன் நுரைக்கிறது? கடை எண்ணெயைவிட விலை ஏன் இவ்வளவு அதிகம்? தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிட்டது, கலப்படம் ஏதாவது இருக்குமோ?

இதற்கெல்லாம் செக்கு ஓட்டுபவரிடம் பதில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டியிருக்கும்; அன்றைய பருப்பு விலையைப் பெருக்கி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுகூலியைச் சேர்த்தால் விலை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். சுத்தமான தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறைய ஆரம்பிக்கும். அது குறையே இல்லை. இந்த இரண்டு பத்திகளை எழுதினால் போதும், "எங்கள் பாரம்பரியம், எங்கள் தரம், உங்கள் ஆரோக்கியம்" என்று ஓடும் ஐம்பது தளங்களிலிருந்து அந்தப் பக்கம் தனியாகத் தெரியும். தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லக் கூகுள் வைத்திருக்கும் மதிப்பீட்டாளர்களுக்கான கையேட்டில் நிபுணத்துவம், செல்வாக்கு, நம்பகம் என்ற மூன்றோடு 'நேரடி அனுபவம்' என்பதையும் 2022 டிசம்பரில் சேர்த்தார்கள். அந்த மதிப்பீட்டாளர்கள் போடும் மதிப்பெண் எந்தப் பக்கத்தையும் நேராக மேலே ஏற்றாது, கீழே இறக்கவும் செய்யாது. முடிவுகளை வரிசைப்படுத்தும் கணக்குமுறை எந்தத் திசையில் போக வேண்டும் என்று கூகுள் விரும்புகிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

தகவல் இருந்தும் அதைப் புதைத்து வைப்பது இன்னொரு வியாதி. 'பௌர்ணமி கிரிவலம் நேரம்' என்று தேடுபவருக்குத் திதி எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது என்பது மட்டும்தான் வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போனில் பார்க்கிறார். பக்கமோ "பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலமான திருவண்ணாமலை…" என்று ஆரம்பித்து, தல வரலாறு, கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டர், எட்டு லிங்கங்களின் பெருமை எல்லாம் சொல்லி, மூன்று விளம்பரம் தாண்டிக் கடைசியில் நேரத்தைச் சொல்கிறது. காரணம் கேட்டால், 'ஆயிரம் சொல்லாவது இருந்தால்தான் ரேங்க் ஆகும்' என்று எங்கோ கேட்டிருப்பார்கள். கூகுள் தன் வழிகாட்டிப் பக்கத்தில் இதைப் பெயர் சொல்லியே மறுத்திருக்கிறது: விருப்பமான சொல் எண்ணிக்கை என்று தங்களுக்கு எதுவும் இல்லையாம். நேரத்தை முதல் வரியில் சொல்லுங்கள். எட்டு லிங்கங்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படுபவர் தானாகவே கீழே வருவார்.

செய்யாதீர்கள் என்று அதே வழிகாட்டி சொல்லும் இன்னொன்று, பழைய பக்கத்தில் தேதியை மட்டும் மாற்றிப் புதிது போலக் காட்டுவது. போன வருடத்துக் கிரிவலப் பட்டியலின் மேல் இந்த வருடத்தைப் போட்டு வைத்திருக்கும் தளங்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் பெயரை மாற்றி ஐம்பது பக்கம்

'ஏசி சர்வீஸ் அண்ணா நகர்', 'ஏசி சர்வீஸ் அடையாறு', 'ஏசி சர்வீஸ் தாம்பரம்' என்று ஏரியாவுக்கு ஒரு பக்கம். உள்ளே ஒரே எழுத்து, ஏரியா பெயர் மட்டும் மாறும். இதைத் தடைசெய்யப்பட்ட உத்தியாகவே கூகுள் வகைப்படுத்தியிருக்கிறது. 2015 மார்ச்சில் இதற்கென்றே தனியாகக் கணக்குமுறையை இறுக்கினார்கள். ஏரியா பக்கமே கூடாது என்று அர்த்தமில்லை. அடையாறில், கடற்கரை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பட்டு வெளி யூனிட்டில் இருக்கும் 'காயில்' என்ற குழாய்ச்சுருள் சீக்கிரம் அரித்துப்போகும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அதை எழுதினால் அடையாறு பக்கம் அடையாறு பக்கமாக இருக்கும். எழுத எதுவும் வேறுபட்டு இல்லை என்றால், ஒரே பக்கத்தில் நீங்கள் போகும் ஏரியாக்களின் பட்டியலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தவர் கட்டுரையைச் சொல் மாற்றிப் போடுவதும் இந்த ரகம்தான். இப்படிப்பட்ட தளங்களைக் குறிவைத்து 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் வந்த 'பாண்டா' மாற்றம், அங்கே 11.8 சதவீதத் தேடல்களின் முடிவுகளை மாற்றியது. அப்போது பெரிய பெரிய கட்டுரைத் தொழிற்சாலைகளே படுத்துவிட்டன.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வேறு

எஸ்இஓ, அதாவது தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, பற்றிய ஆங்கிலக் கையேடுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் தொடாத இடம் இது. நம் பக்கங்கள் தோற்பதற்கு எழுத்தின் தரம் மட்டும் காரணமில்லை. பல சமயம் தேடுபொறியால் அந்த எழுத்தைப் படிக்கவே முடிவதில்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த 'அம்மா' கணினிக்குள் தமிழாக இருக்காது. ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இருந்தால் மட்டும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அச்சகத்தில் டிடிபி செய்த மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், பழைய பிடிஎஃப்கள் பலவும் இப்படித்தான். அவற்றை அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டு "எங்கள் கட்டுரை தேடினால் வரவில்லை" என்பதில் பயனில்லை. எல்லாக் கணினிகளும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கவும் வேண்டும். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

யூனிகோடில் அடித்தாலும் ஒரு பொறி உண்டு. 'பௌர்ணமி' என்பதில் ப-வோடு சேர வேண்டியது ஔகாரக் குறி. அவசரத்தில் பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள்: 'பெளர்ணமி'. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். கௌரவம், மௌனம், கௌதமன் எல்லாவற்றுக்கும் இதே கதி. கூகுள் பல சமயம் சமாளித்துக்கொள்ளும். உங்கள் தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டி சமாளிக்காது.

விலைப்பட்டியலை, ஏன் கடை முகவரியையே, வடிவமைப்பாளர் செய்து தந்த படமாகப் போட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. வாட்ஸ்அப்புக்கு அந்தப் படம் சரி. தளத்தில் அதே தகவல் எழுத்தாகவும் இருக்கட்டும். படத்துக்குரிய மாற்று விவரத்தில் 'படம்1' என்று விடாமல் என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்பதும் அந்த வரியைத்தான்.

பக்க முகவரி தமிழில் இருக்கலாமா என்று கேட்பார்கள். இருக்கலாம், கூகுளுக்குச் சிக்கலில்லை. ஆனால் பகிரும்போது பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக விரியும்; 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும். முகவரியை மட்டும் சுருக்கமான ஆங்கில எழுத்தில் வைப்பது என் விருப்பம்.

தலைப்பு

எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றோ கடைப் பெயர் என்றோ ஒரே தலைப்பு வைப்பது சோம்பேறித்தனம். "இத்தனை நாளா இது தெரியாம போச்சே!" என்று வைப்பது அதைவிட மோசம், எதைப் பற்றிய பக்கம் என்று தேடுபொறிக்கும் தெரியாது, ஆளுக்கும் தெரியாது. முடிவுப் பட்டியலில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் எழுத்துகளை எண்ணி ஒதுக்கப்படுவதில்லை, அகலத்தைப் பொறுத்தது. ணை, னை, ஞௌ என்று நம் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்குச் சொல்லும் அறுபது எழுத்துக் கணக்கு இங்கே செல்லாது. முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். முடிவுப் பட்டியலில் தலைப்புக்குக் கீழே வரும் சுருக்க விவரம் தரவரிசையை நேரடியாக மாற்றாது, ஆனால் சொடுக்குவதா வேண்டாமா என்று ஆள் முடிவுசெய்வது அதைப் பார்த்துத்தான்.

ஏஐ எழுதித் தரட்டுமா?

ஏஐ எழுதியது என்பதற்காக மட்டுமே ஒதுக்க மாட்டோம் என்று 2023 பிப்ரவரியில் கூகுள் சொன்னது. 2024 மார்ச்சில், தரவரிசையை ஏமாற்றுவதற்கென்று மொத்தம் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்தால், யார் எழுதியிருந்தாலும், அது குப்பை என்று விதி வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை: ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்து, ஒரு முறைகூடப் படிக்காமல் ஏற்றுகிறார்கள். "உங்கள் பணத்தைச் சேமிக்க ஒரு சிறந்த வழி ஆகும் இது" மாதிரியான வாக்கியத்தை வாசகர் மூன்று வினாடியில் மூடிவிடுவார். ஆங்கிலப் பக்கங்களைத் தமிழாக்கித் தேடல் முடிவில் காட்டும் வசதியைக் கூகுளே வைத்திருக்கும்போது, அதே வேலையை நீங்கள் இன்னும் மோசமாகச் செய்து தருவதால் யாருக்கு என்ன லாபம்?

உடல்நலம், பணம் பற்றி எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தத் துறைகளில் கூகுள் தன் அளவுகோலைக் கடுமையாகவே வைத்திருக்கிறது. 'சர்க்கரை நோய் ஏழே நாளில் போய்விடும்' என்று தலைப்பு வைத்து மருந்தும் விற்றால் பிரச்சினை தரவரிசையோடு நிற்காது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியலிட்டிருக்கும் நோய்களில் சர்க்கரை நோயும் ஒன்று.

எழுதி முடித்துவிட்டு அப்புறம் பார்க்காமலே விடுவது கடைசித் தவறு. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். எந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் பார்க்கலாம். தமிழில் தட்டியவர்களோடு, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவர்களும் அந்தப் பட்டியலில் நிறைய இருப்பார்கள். அவர்களுக்காகப் பக்கத்தில் தங்கிலீஷ் வரிகளைச் செருகத் தேவையில்லை. பலமுறை காட்டப்பட்டும் யாரும் உள்ளே வராத கேள்வி எது என்று தேடுங்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பக்கத்தில் நேரடியான பதில் இல்லை என்றால், அதுதான் அடுத்து எழுத வேண்டியது. பலன் தெரியச் சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். 'முப்பது நாளில் முதலிடம், உத்தரவாதம்' என்று யாராவது போன் செய்தால், கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்தில் எதை மாற்றப் போகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதற்கப்புறம் போன் செய்வதில்லை.