பி53 புரதம்: குழாயில் இருப்பதெல்லாம் வேலை செய்யாது

புற்றுக்கட்டி உருவாவதைத் தடுக்கும் மனித பி53 புரதத்தை முதல்முறை வாங்கி, எடைப்படி புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பவர்கள் பலர் பதறுவது பட்டையின் இடத்தைப் பார்த்துத்தான். 393 அமினோ அமிலங்கள், உண்மை எடை சுமார் 43.7 கிலோ டால்டன். பட்டையோ 53-க்குப் பக்கத்தில் நிற்கும். புரோலின் நிறைந்த பகுதி இருப்பதால் அது மெதுவாக ஓடுகிறது. 1979-இல் கண்டுபிடித்தபோது ஜெல் காட்டிய அந்த எடைதான் பெயராகவும் நிலைத்தது. எனவே அதைப் பார்த்துப் புரதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது புரதத்தைக் கரைத்து வைக்கும் பஃபர் கரைசலைப் பற்றி. டி.என்.ஏ-வைப் பற்றிக்கொள்ளும் நடுப்பகுதி ஒரு துத்தநாக அயனியை நம்பித்தான் உருவம் காக்கிறது. மூன்று சிஸ்டீன், ஒரு ஹிஸ்டிடின் ஆகிய அமினோ அமிலங்கள் அதைப் பிடித்திருக்கின்றன. டி.என்.ஏ வேலை செய்து பழகிய கை, யோசிக்காமல், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கலந்த பஃபரை எடுத்துவிடும். புரதச் சிதைவைத் தடுக்கும் கலவைகள் பலவற்றிலும் அது இருக்கிறது. இடிடிஏ துத்தநாகத்தை உருவிக்கொண்டால் மடிப்பு கலைகிறது; ஜெல்லில் மட்டும் பட்டை அதே அழகோடு தெரியும். சரி, துத்தநாகத்தைத் தாராளமாகச் சேர்த்துவிடலாமே என்றால் அதுவும் தவறு. மிகுதியான அயனிகள் தவறான இடங்களில் ஒட்டிப் புரதத்தைக் கோணலாக மடியவைக்கும். சிஸ்டீன்கள் ஆக்ஸிஜனேற்றம் அடையாமல் காக்கப் புதிதாகக் கரைத்த டிடிடி என்ற வேதிப்பொருள் வேண்டும். பழைய டிடிடி கரைசல் வீரியம் போயிருக்கும்.

அடுத்தது வெப்பம். மனிதப் புரதம்தானே, 37 டிகிரியில் வைப்போம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பிரித்தெடுத்த நடுப்பகுதி அந்த வெப்பநிலையில் பாதியாகக் குலைய ஏறத்தாழ 9 நிமிடமே ஆகிறது. அரை மணி நேரம் வைத்தால் அளப்பதற்கு என்ன மிஞ்சும்? பனிக்கட்டியில் வையுங்கள், பிணைப்புச் சோதனையைக் குளிரிலேயே செய்யுங்கள். குழாயை அதிரவைத்துக் கலக்கும் வோர்டெக்ஸ் கருவி கூடாது. வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து, உடனடியாக உறையவைத்து, மைனஸ் 80-இல் வையுங்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டு வகை ஃப்ரீசர் அவ்வப்போது சூடேறி இறங்கும். அதில் வைப்பது மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைப்பதற்குச் சமம்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, லேபிளில் உள்ள மில்லிகிராம் கணக்கை அப்படியே நம்புவது. அது மொத்தப் புரதத்தின் அளவு, உயிர்ப்புள்ள புரதத்தின் அளவு அல்ல. போதாக்குறைக்கு, பி53 நான்கு நான்காகச் சேர்ந்துதான் டி.என்.ஏ-வைப் பிடிக்கிறது. 10 நானோமோலார் தனி மூலக்கூறு என்றால் அதிகபட்சம் 2.5 நானோமோலார் நான்கன் கூட்டுதான். அதையும் கணக்கில் சேர்க்காமல் பிணைப்பு மாறிலி (பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும் செறிவு) எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதற்கு வழி கடினமானதல்ல. பி21 மரபணுவில் பி53 ஒட்டும் பிணைப்பிடத்தைக் கொண்ட டி.என்.ஏ இரட்டை இழையை, மாறிலியைவிடப் பல மடங்கு அதிகச் செறிவில் எடுங்கள். அதில் புரதத்தைப் படிப்படியாகக் கூட்டி, எங்கே நிறைவடைகிறது என்று பாருங்கள். அந்தப் புள்ளி உங்கள் குழாயில் எத்தனை விழுக்காடு உண்மையில் வேலை செய்கிறது என்று சொல்லிவிடும். ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் இதைச் செய்ய அரைநாள் போனாலும் பரவாயில்லை. செய்யாமல் விட்டால் மாதங்கள் போகும்.

புரதம் ஒட்டிய டி.என்.ஏ மெதுவாக ஓடுவதைப் பார்க்கும் ஜெல் ஷிஃப்ட் சோதனையில் பட்டை நகர்ந்தது என்பதற்காக மகிழ்ந்துவிட வேண்டாம். பி53-இன் கடைசிப் பகுதியில் நேர் மின்னூட்டம் மிகுதி. வரிசை எதுவானாலும் டி.என்.ஏ-வில் ஒட்டும். போட்டிக்கு வேறொரு டி.என்.ஏ-வும், பிணைப்பிடம் சிதைக்கப்பட்ட இழையும், டி.என்.ஏ-வைத் தொடும் அர்ஜினினை இழந்த ஆர்273ஹெச் போன்ற மாற்றுப் புரதமும் இல்லாத ஜெல்லை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.

பிரித்தெடுக்க வசதியாக ஜிஎஸ்டி என்ற வேறொரு புரதத்தை வாலாக ஒட்டியதை வாங்கினால், அந்த வால் தானே இரண்டிரண்டாகச் சேரும் என்பதால் நான்கன் கூட்டு பற்றிய ஆய்வுக்கு அது ஆகாது, வெட்டி நீக்கிவிடுங்கள். அப்புறம், ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரான புரதத்தில் செரின் 15-இல் (15-ஆவது அமினோ அமிலமான செரினில்) பாஸ்பேட் ஏறியிருக்காது. டி.என்.ஏ சேதத்துக்குப் பின் செல்லுக்குள் நடப்பதைப் பற்றி அந்தப் புரதத்தைக் கொண்டு முடிவு சொல்ல முடியாது. அதற்கு உரிய கைனேஸ் என்ற நொதியைக் கொண்டு பாஸ்பேட் ஏற்றிய புரதம் தேவை, ஏறியதா என்பதை ஆன்டிபாடியால் சரிபார்த்த பிறகு.