அப்பத்தாவைக் கேட்காமல் அப்பத்தாவுக்கு வைத்தியமா?

போன மாதம் காரைக்குடியில் அப்பத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "தூக்கமெல்லாம் எப்படி?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். "நல்லாத் தூங்குறாக" என்று நானும் பட்டென்று சொன்னேன், சென்னையில் படுத்துத் தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அப்பத்தா சொன்னார்: "ராத்திரி நாலு தரம் எந்திரிக்கிறேன்டா. உன்னையத்தான கேட்டாக, நடுவுல நான் எதுக்கு?"

முதல் தவறு இதுதான். அவர்களுக்காக நாம் பதில் சொல்வது.

இன்னொன்றும் என் கைங்கரியம். காலையில் மாத்திரை அதிகமாக இருக்கிறதே என்று நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையை ராத்திரி டப்பாவுக்கு மாற்றியிருந்தேன். அது பொதுவாகக் காலையில் போட வேண்டியது. நம்ம ஊர் வீட்டில் படுக்கையிலிருந்து கொல்லைப்பக்கக் கழிவறைக்கு இரண்டு கட்டு தாண்டணும், மூன்று நிலைப்படி ஏறி இறங்கணும், ஈரக்காலோடு ஆத்தங்குடி கல்லில் நடக்கணும், அதுவும் இருட்டில். மறுபடி போனோம், அப்பத்தாவே பேசினார். ராத்திரி அடிக்கடி எழுவது அதனாலா என்று சர்க்கரையைப் பார்த்தார்கள், மாத்திரையைக் காலைக்கு மாற்றினார்கள்.

மாத்திரை டப்பாவை நாம் நிரப்பிக் கொடுத்தாலும் எது எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கணும். கடையில் கம்பெனி மாறினால் பெயரும் மாறும், பழைய அட்டையும் புது அட்டையும் சேர்ந்து ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போய்விடும். அட்டையில் கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள்.

கழிவறையில் பிடிமானக் கம்பி வைத்தோம். மேஸ்திரி தனக்கு வாகான உயரத்தில் அடித்துவிட்டார், அப்பத்தா நாலே முக்கால் அடி! சுவரில் துளை போடுவதற்கு முன் அவரை உட்கார வைத்து, கை எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் போதும்.

பெரியவர்கள் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. வீடியோ காலில் 'ஒண்ணுமில்லப்பா' என்பது, பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது. மாத்திரை போடுவதால்தானே சரியாக இருக்கிறது! தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். வந்ததும் கையை நீட்ட வேண்டாம், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின் நீட்டச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பத்தா அதைப் பால் கணக்கு நோட்டிலேயே எழுதுகிறார், தேதி, பால் அரை லிட்டர், பிரஷர் 140/80. இந்த மாதம் நோட்டோடு டாக்டர் அறைக்குள் அவரே போனார். நான் வெளியே செருப்புக்குக் காவல்.