எலுமிச்சையில் சொறி நோய்: எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இலையில் சொறி கண்டதும் "மழையோட வந்திருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். வந்த வழி தெரியாமல் மரத்தை வெட்டி எரித்தால், அடுத்த கன்றோடு அது மறுபடி வந்து சேரும். பதுளையோ நாவலப்பிட்டியோ, லயத்துப் பின்புறம் நாலு மரம் வைத்திருப்பவர்கூடத் தேடிப் பார்க்கலாம்.

முதலில், நோய் அதுதானா என்று பாருங்கள். சாந்தோமோனாஸ் சிட்ரி என்ற பற்றீரியா உண்டாக்கும் புள்ளி, இலையின் இரண்டு பக்கமும் மேடாகி, தக்கை போலச் சொரசொரத்து, மஞ்சள் வளையத்தோடு இருக்கும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி என்றால் பெரும்பாலும் பங்கசு நோய்.

அடுத்து, ஒரு தாளில் தோட்டத்தை வரைந்து, ஒவ்வொரு மரத்தையும் எங்கே, எப்போது வாங்கினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கிய வேலை: மிகப் பழைய சொறியைத் தேடுவது. இலையை நம்ப வேண்டாம், அது உதிர்ந்துவிடும். குச்சியிலும் தண்டிலும் உள்ள வடு வருடக்கணக்கில் நிற்கும். இந்தப் பற்றீரியா பெரும்பாலும் இளந்தளிரில்தான் நுழையும் என்பதால், வடு இருக்கும் குச்சி எப்போது துளிர்த்ததோ அப்போதுதான் நோயும் வந்திருக்கும். ஒட்டுக்கு மேலே, அடித்தண்டிலேயே வடு இருந்தால் கன்று வாங்கும்போதே நோய் இருந்திருக்கலாம். எல்லா மரத்திலும் ஒரே பக்கத்து நுனிகளில் மட்டும் இருந்தால், காற்றோடு அடித்த மழை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று, ஆகவே அந்தத் திசையில் உள்ள மரங்களைப் பாருங்கள். கவாத்துக் கத்தி போன வரிசையிலேயே நோயும் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். இலையில் வெள்ளிக்கோடு போடும் புழு நோயைக் கொண்டுவருவதில்லை, காயம் போட்டு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

என் முதல் சந்தேகம் எப்போதும் கன்றின் மீதுதான். ஃபுளோரிடாவுக்கு 1910 வாக்கில் இந்த நோய் போனதும் ஜப்பானிலிருந்து இறக்கிய கன்றுகளோடுதான். அதற்கு முந்தைய பூர்வீகத்தையும் பழைய வடுவே காட்டிக்கொடுத்தது. லண்டன் கியூ பூங்காவில் உலர்த்தி வைத்திருந்த இலைகளில், 1827–1831 காலத்தில் இந்தியாவில் பறித்த எலுமிச்சைக் குடும்பத்து இலையிலேயே சொறி இருந்ததாக 1933இல் ஃபாசெட், ஜென்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எவ்வளவு அருமையான வேலை, பாருங்கள்!

சரி, உறுதிப்படுத்த ஆய்வுகூடம் வேண்டும். ஈரமில்லாத இலைகளைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்துக் கட்டுங்கள், பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே அழுகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க என்று குச்சியைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். நீங்கள் வரைந்த தாளையும் சேர்த்தே கொடுங்கள். அதே இடத்தில் கன்று வாங்கிய மற்ற வீடுகளையும் அதை வைத்துத் தேடிப் போகலாம்.